மாமாவும் விசா அதிகாரியும் கேட்ட ஒரே கேள்வி

"ஏட்டி, பாளையங்கோட்டையில இல்லாத இங்கிலீசா அயர்லாந்துல இருக்கு?" மாமா இதைக் கேட்டது 2023 ஆகஸ்டில், எங்கள் வீட்டுத் திண்ணையில், வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கின ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படிக்கக் கடல் தாண்டுகிறாளே என்பது அவர் கேலி. மூன்று மாதம் கழித்து என் விசா மறுக்கப்பட்டது. கடிதத்தில் இருந்த காரணங்களில் ஒன்று, இந்தப் படிப்பை இந்த நாட்டுக்கு வந்துதான் படிக்க வேண்டும் என்பதற்கான தேவை காட்டப்படவில்லை என்பது. மாமா வெத்தலையோடு கேட்டதை அவர்கள் முத்திரைத் தாளில் கேட்டிருந்தார்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டுக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், பிறகு பாளையில் பி.காம்., அதன் பிறகு நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. டேலி, ஜிஎஸ்டி எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சென்னையில் இரண்டு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன், இரண்டிலும் வெளிநாட்டு ஆட்களோடு போனில் பேசுகிற வேலை. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று இங்கிலீஷில் கேட்டதும் தொண்டையில் என்னவோ அடைத்துக்கொண்டது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், பேச வராது. நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பி வரும்போது விழுப்புரம் வரை அழுதேன், அதற்குமேல் தூங்கிவிட்டேன். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு இன்டர்வியூதான் நான் அயர்லாந்து போக நினைத்ததன் உண்மையான காரணம். முதல் தடவை விசாவுக்கு எழுதின கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஏஜென்ட் ஒருவரை ஒரு தோழி மூலமாகத் தெரிந்தது. மாடியில் ஏசி போட்ட அறை, சுவரில் விமானப் படம், மேசையில் நாலைந்து நாட்டுக் கொடி. "தங்கச்சி, இருபத்தஞ்சு வாரம் கிளாஸ், எட்டு மாசம் இருக்கலாம், வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பாக்கலாம். கட்டுன காசை மூணே மாசத்துல எடுத்துரலாம்" என்றார். இதில் முதல் மூன்றும் உண்மை. அயர்லாந்தில் மொழிப் படிப்புக்கு வருகிறவர்களுக்கு 25 வாரப் படிப்பும் விடுமுறையும் சேர்த்து எட்டு மாத அனுமதி. வாரம் குறைந்தது 15 மணி நேர வகுப்பு, அதுவும் பகலில். இப்படி மூன்று தடவை வரை, மொத்தம் இரண்டு வருஷத்துக்குள் படிக்கலாம். அரசாங்கம் அங்கீகரித்த படிப்புகளுக்கு ஒரு பட்டியல் உண்டு, அதில் அந்தப் பள்ளியும் அந்தப் படிப்பும் இருந்தால்தான் வேலை பார்க்க அனுமதியோடு கூடிய இந்த வழி திறக்கும். பட்டியல் அயர்லாந்து குடிவரவுத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. நான் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்பதே தெரியாது. நல்லவேளை, பள்ளி பட்டியலில் இருந்தது. அந்த மட்டுக்கும் என் அதிர்ஷ்டம்.

பணம் கட்டிய விதத்தில்தான் முதல் குழியில் விழுந்தேன். படிப்புக் கட்டணம் 3,000 யூரோ. கட்டணம் 6,000 யூரோவுக்குக் குறைவு என்றால் விண்ணப்பிக்கும் முன்பே முழுசாகக் கட்டிவிட வேண்டும் என்பது விதி. வங்கியில் கல்விக்கடன் கேட்டதற்கு, இந்த மாதிரி மொழிப் படிப்புக்குத் தர முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அம்மாவின் ஆரத்தையும் நாலு வளையலையும் அடகு வைத்து 2,00,000, என் சேமிப்பு மீதி. ஏஜென்ட், "நீங்க பேங்க்ல போய் நின்னா பத்து கேள்வி கேப்பான், எங்கிட்ட ரூபாயா குடுங்க, நான் அனுப்பிருதேன்" என்றார். யூரோவுக்கு 98 ரூபாய் போட்டு 2,94,000 வாங்கினார். அன்றைக்கு வங்கி விலை 90 ரூபாய்ச் சில்லறை. எட்டு ரூபாய் வித்தியாசம் எனக்குக் கண்ணில் படாமல் இல்லை, கணக்குப் பிள்ளைதானே நான். கேட்க வாய் வரவில்லை. அதற்குமேல் அவருடைய கட்டணம் 45,000.

இதைப் படிக்கிற பிள்ளைகள் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: படிப்புக் கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்தோ அப்பா அம்மா கணக்கிலிருந்தோ நேராகப் பள்ளியின் கணக்குக்கு அனுப்புங்கள். பான் கார்டு, பாஸ்போர்ட், பள்ளி கொடுத்த கட்டணக் கடிதம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்புகிற ஏ2 படிவம், இவ்வளவுதான் வங்கியில் கேட்பார்கள். ஒரு மணி நேர வேலை. வெளிநாட்டுக்கு அனுப்புகிற பணத்தில் வங்கி முன்கூட்டியே பிடிக்கிற டிசிஎஸ் வரியை இந்தத் தொகைக்கெல்லாம் பிடிக்க மாட்டார்கள். வருஷத்துக்கு 7 லட்சத்துக்கு மேல் போனால்தான் என்று அப்போது இருந்தது, 2025 ஏப்ரலில் இருந்து அது 10 லட்சம். பணம் போனதற்கு ஆதாரமாக வங்கி தருகிற ஸ்விஃப்ட் காப்பியை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். விசா கிடைக்கவில்லை என்றால் பள்ளி பணத்தைத் திருப்பித் தரும், ஆனால் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்குத்தான் தரும். எனக்கு இது எப்படித் தெரிந்தது என்பது பின்னால் வருகிறது.

அடுத்தது கையிருப்பு காட்டுகிற வேலை. கட்டணம் போக, எட்டு மாதச் செலவுக்கு 6,665 யூரோ இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது நான் விண்ணப்பித்தபோது இருந்த கணக்கு. நம் பணத்துக்கு ஆறு லட்சம். அப்பா வாழை போடுகிறவர். ஏத்தன் வாழை, களக்காட்டில் வெட்டி மண்டி வழியாகக் கேரளாவுக்குப் போகும். ஓணத்துக்கு முன்னால்தான் விலை, அந்த ஒரு மாதத்துக் காசில்தான் எங்கள் வருஷம் ஓடுகிறது. 2023 ஓணத்துக்கு வெட்டின காசு 3,40,000, மண்டிக்காரர் மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தார். துண்டுச்சீட்டில் பென்சிலால் குலைக் கணக்கு, அதுவும் அப்பா சட்டைப் பையிலேயே வேர்வையில் ஊறிப்போயிற்று. ஏஜென்ட் சொன்னபடி அந்தப் பணத்தை அப்பா கணக்கில் ஒரே நாளில் கட்டினோம். பற்றாக்குறைக்குச் சித்தப்பாவிடம் 2,80,000 வாங்கி மறுநாள் கட்டினோம். "விசா வந்ததும் திருப்பிக் குடுத்துரலாம், எல்லாரும் இப்படித்தான்" என்றார் ஏஜென்ட்.

அந்த ஸ்டேட்மென்ட்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்பாக வருகிறது. மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் வரை 9,000, 14,000, 11,430 என்று ஊர்ந்துகொண்டிருந்த கணக்கு, செப்டம்பர் 4-ம் 5-ம் தேதியில் 6,20,000 ஏறி நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி விளக்கம் கிடையாது. ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பதே இதைப் பார்க்கத்தான். பெரிய தொகை திடீரென்று வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்று அவர்கள் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு ஓணமும் தெரியாது, மஞ்சப்பையும் தெரியாது. பணம் எங்களுடையதுதான், பாதியாவது. ஆனால் பேப்பரில் அது கடன் வாங்கிக் காட்டின பணம் மாதிரியே இருந்தது. மீதிப் பாதி நிஜமாகவே அப்படித்தான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் நடுவில் சென்னைக்குப் போய் விசா மையத்தில் ஃபைலைக் கொடுத்தோம். கொடுக்கும்போது ஏஜென்ட்டின் ஆள் ஒரு கட்டுத் தாளை நீட்டி, கையெழுத்துப் போடு என்ற இடத்திலெல்லாம் போடச் சொன்னார். போட்டேன். படிக்கவில்லை. ஆன்லைன் விண்ணப்பத்தில் இமெயில் முகவரி அவர்களுடையது, போன் நம்பர் அவர்களுடையது, பாஸ்போர்ட் திரும்பி வர வேண்டிய முகவரியும் அவர்களுடையது. "விசா கன்ஃபார்ம், வேலையை விட்டுருங்க, நோட்டீஸ் பீரியடு முடிய சரியா இருக்கும்" என்றதை நம்பி அக்டோபரில் வேலையை விட்டேன். மாதம் 14,000 சம்பளம். ஆடிட்டர் சார், "பார்த்து செய்ம்மா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல. போன் போட்டால் "பெண்டிங்ல இருக்கு மேடம்". தங்கச்சி மேடம் ஆகியிருந்தாள், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நவம்பர் போயிற்று. டிசம்பர் 17, 18-ல் கொட்டின பெருமழையில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளேயே வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்; அந்தச் சாக்கில் ஆபீஸ் பூட்டியிருக்கிறது என்று இரண்டு வாரம். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னைக்கு பிளைட்டு?" என்று கேட்பார்கள். கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடப்பதைப் பார்க்கிறபோதெல்லாம் சோறு இறங்காது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டம்.

ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி, வகுப்பு தொடங்கும் தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று பள்ளிக்கே நேராக எழுதிக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. என் வாழ்க்கையில் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு நானாக எழுதின முதல் இமெயில் அது. எட்டு வரி. மூன்று மணி நேரம் ஆயிற்று. மறுநாள் மத்தியானமே பதில் வந்துவிட்டது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்: உங்கள் விசா மறுக்கப்பட்டதற்கு வருந்துகிறோம், மறுப்புக் கடிதம் கிடைத்ததும் நிர்வாகச் செலவு 200 யூரோ கழித்துக்கொண்டு 2,800 யூரோவை டிசம்பர் 12-ம் தேதி பணம் வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டோம் என்று. நாலைந்து தடவை படித்தேன். என் இங்கிலீஷ் சரியில்லாததால் தப்பாகப் புரிந்துகொள்கிறேனோ என்று பக்கத்து வீட்டு டீச்சர் அக்காவிடம் காட்டினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உனக்குப் புரிஞ்சதுதான்ட்டி அர்த்தம்" என்றார்.

ஜனவரி 29 அப்பாவோடு அந்த மாடிக்குப் போனேன். பாஸ்போர்ட்டும் மறுப்புக் கடிதமும் அவர் மேசை டிராயரிலேயே இருந்தது. கடிதத்தின் தேதி நவம்பர் 20. இங்கேதான் இரண்டாவது அடி. அயர்லாந்து விசா மறுப்புக்கு மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணமே கிடையாது, காரணங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதி ஆதாரம் வைத்தால் வேறொரு அதிகாரி புதிதாகப் பார்ப்பார். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு தடவைதான். கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் செய்ய வேண்டும். ஒன்பது நாள் தாண்டியிருந்தது. ஓசியில் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வாய்ப்பு டிராயருக்குள் கிடந்து செத்துப்போயிற்று. அதனால் சொல்கிறேன், யார் நிரப்பிக் கொடுத்தாலும் இமெயிலும் போன் நம்பரும் முகவரியும் உங்களுடையதாக இருக்கட்டும். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். இதைச் சொன்னால் முகம் மாறுகிற ஏஜென்ட்டிடம் அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

பஸ்ஸில் திரும்பும்போது ஃபைலின் நகலைப் புரட்டினேன். நோக்கக் கடிதம் என்று என் கையெழுத்தோடு இரண்டு பக்கம். முதல் பத்தியிலேயே என் அப்பா திருப்பூரில் ஜவுளி வியாபாரம் செய்கிறார். இரண்டாவது பத்தியில் நான் ஹோட்டல் வரவேற்பில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னாலேயே களக்காடு நிலப் பட்டா, ஆடிட்டர் அலுவலகச் சான்று. யாரோ திருப்பூர்ப் பிள்ளையின் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்காவது விசா கிடைத்ததோ என்னவோ. இதைப் பொய் ஆவணம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். பொய் ஆவணம் வைத்தவர்களுக்கு மேல்முறையீடே இல்லாமல் ஐந்து வருஷம் வரை கதவடைக்கிற விதி அங்கே உண்டு. பட்டாவைத் தமிழிலேயே வைத்திருந்தார்கள், மொழிபெயர்ப்பு கிடையாது. 2020-ல் டிகிரி முடித்து 2021-ல் வேலைக்குச் சேர்ந்ததற்கு நடுவில் இருந்த வருஷத்துக்கு விளக்கம் கிடையாது. இப்படி ஒரு ஃபைல் என்னிடம் வந்திருந்தால் நானும் மறுத்திருப்பேன். கையெழுத்து என்னுடையது, அந்தத் தப்பை யார் தலையிலும் போட முடியாது.

பணத்தைக் கேட்டபோது ஏஜென்ட் சொன்ன பதிலைக் கேளுங்கள். "அயர்லாந்து போனா போகட்டும் மேடம், அந்தப் பணத்தை அப்படியே லண்டனுக்கு மாத்திருவோம். பதினோரு மாச இங்கிலீஷ் விசா இருக்கு. வேலை கையில காசா பாத்துக்கலாம்." இந்தத் தடவை நான் வீட்டுக்கு வந்து பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து, அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஆறு மாதத்துக்கு மேல் பதினோரு மாதம் வரை ஆங்கிலம் மட்டுமே படிக்கக் குறுகிய காலப் படிப்பு விசா என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதில் சம்பளத்துக்கும் வேலை பார்க்கக் கூடாது, சும்மாவும் பார்க்கக் கூடாது. நீட்டிக்க முடியாது. வேறு பாடம் படிக்க முடியாது, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. விசாக் கட்டணம் அப்போது 200 பவுண்டு, 2025 ஏப்ரலில் 214 ஆயிற்று. அதற்குமேல் மருத்துவக் கூடுதல் கட்டணம் 776 பவுண்டு. ஆறு மாதத்துக்கு மேல் என்பதால் இந்தியர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிகிற படிப்பு என்றால் சாதாரண விசிட்டர் விசாவே போதும், அதிலும் வேலை கிடையாது. வேறு நாட்டில் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி அந்த விண்ணப்பத்திலும் உண்டு. "இல்லன்னு போட்டுரலாம்" என்றார் மனிதர். ஏமாற்றினதாகப் பிடிபட்டால் அங்கே பத்து வருஷத் தடை, இரண்டு நாடுகளும் விசாத் தகவலைப் பகிர்ந்துகொள்கிறவை. கையில் காசு இருக்கிறவர்கள், வேலை தேவையில்லாதவர்கள் தாராளமாக அந்த விசாவில் போகலாம். எனக்கு அது சரிப்படாது.

பணம் திரும்ப வந்த கதை நீளமானது, சுருக்கிவிடுகிறேன். முதலில் "பள்ளியில இருந்து இன்னும் வரலை" என்றார். பள்ளியின் இமெயிலை அச்செடுத்து முன்னால் வைத்தேன். பிறகு ஒரு வக்கீல் அண்ணாச்சி நோட்டீஸ் அனுப்பினார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம், வக்கீல் இல்லாமலே நாமாகவும் வாதாடலாம் என்று அவர்தான் சொன்னார். வழக்கு வரை போகவில்லை. நோட்டீஸ் போன பதினைந்தாம் நாள் முதல் தவணை வந்தது, ஜூனில் மூன்றாவது. மொத்தம் 2,52,000. அவருடைய 45,000-த்தில் ஒரு பைசா வரவில்லை, அதற்கு என்னிடம் ரசீதும் இல்லை. நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்: ஏஜென்ட் கட்டணம் 45,000, படிப்புக் கட்டணத்தில் திரும்பாமல் போனது 42,000, விசாச் செலவு 8,000, நகைக்கு ஒன்பது மாத வட்டி 18,000, சென்னைப் பயணம் 6,000, வேலையில்லாமல் இருந்த ஐந்து மாதச் சம்பளம் 70,000. ஆக 1,89,000. மார்ச்சில் ஆடிட்டர் சார் மறுபடியும் சேர்த்துக்கொண்டார். நாற்காலியைக்கூட மாற்றாமல் வைத்திருந்தார்.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் நானே செய்தேன். பிடிவாதம் என்றுகூடச் சொல்லலாம். 2025 ஜனவரி வகுப்புக்கு, 2024 அக்டோபரில் விண்ணப்பம். அதற்கு ஏப்ரலிலேயே ஏற்பாட்டைத் தொடங்கினேன். ஆறு மாத ஸ்டேட்மென்ட் என்றால் ஆறு மாதத்துக்கு முன்னாலேயே யோசிக்க வேண்டும், இல்லையா. சித்தப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் பணத்தை அப்பா கணக்குக்கு மாற்றினதுதான் முதல் தடவை செய்த முட்டாள்தனம். இந்தத் தடவை அவரையே இரண்டாவது பொறுப்பாளராகப் போட்டேன்: அவர் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, அவர் பெயரில் இரண்டு வருஷமாகக் கிடந்த டெபாசிட், என் அண்ணன் மகளுக்குச் செலவு செய்கிறேன் என்று ஒரு பக்கக் கடிதம். பணம் இருந்த இடத்தை விட்டு ஒரு ரூபாய்கூட நகரவில்லை.

அப்பாவுடையதுதான் பாடு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, அதனால் ரிட்டர்ன் கிடையாது; ரிட்டர்ன் இல்லையென்றால் வருமானமே இல்லை என்று பேப்பர் சொல்லும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கினேன், எந்த சர்வே நம்பரில் எத்தனை ஏக்கர் வாழை என்று அதில் இருக்கிறது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் போட்டு நாங்குநேரி தாசில்தார் அலுவலகத்தில் இருந்து வந்தது. கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன் பாஸ்புக். பட்டா, அடங்கல் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, பாளையில் நோட்டரி கையெழுத்து. பிறகு மண்டி. அந்த வருஷ ஓண வெட்டுக்கு நானே போய் நின்றேன். மண்டிக்காரர் வழக்கம்போலப் பென்சிலை எடுத்தார். "அண்ணாச்சி, தேதி, எடை, விலை, மொத்தம் போட்டு, உங்க சீல் வச்சுத் தாங்க" என்றேன். "எதுக்குட்டி, உங்கப்பாவுக்கும் எனக்கும் இருபது வருசப் பழக்கம்" என்று கொஞ்சம் மனத்தாங்கல்தான் அவருக்கு. நாலு வெட்டுக்கு நாலு சீட்டு. ஒவ்வொரு வெட்டுப் பணமும் மறுநாளே அதே தொகையாக வங்கியில் ஏறியது. பழைய இரண்டு வருஷத்து ஓண மாதங்களின் ஸ்டேட்மென்ட்டும் சேர்த்து வைத்து, எங்கள் ஊரில் வாழை எப்போது வெட்டுவார்கள், ஏன் ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் பணம் வருகிறது என்று அரைப் பக்கம் எழுதினேன். எங்கள் குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்பதை நான் அதற்கு முன்னால் யாருக்கும் எழுதிக் காட்டினதில்லை.

நோக்கக் கடிதம் எழுதத்தான் பதினோரு நாள். மாமாவின் கேள்வியை நோட்டில் மேலே எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுதினேன். பாளையில் இங்கிலீஷ் இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு ஸ்போக்கன் கிளாஸுக்கு நானே போயிருக்கிறேன், ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போதே தமிழுக்கு வந்துவிடுவோம். அந்த இரண்டு இன்டர்வியூவையும் தேதியோடு எழுதினேன், நிராகரித்த இமெயிலையும் வைத்தேன். எட்டு மாதம் கழித்து எதற்குத் திரும்பி வருவேன் என்பதற்கு ஆடிட்டர் சார் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார்: சம்பளமில்லா விடுப்பு, திரும்பியதும் வெளிநாட்டு வாடிக்கையாளர் கணக்குகளைப் பார்க்கிற வேலை. 2023-ல் விசா மறுக்கப்பட்டதை ஒளிக்கவில்லை. பழைய கடிதத்தின் நகலோடு, அதில் என்ன தப்பு இருந்தது, திருப்பூர் ஜவுளி எப்படி உள்ளே வந்தது என்பதை அப்படியே எழுதிவிட்டேன். எழுதும்போது கை நடுங்கியது. ஆனால் பழைய ஃபைல் அவர்களிடம் இருக்கிறது, நாம் சொல்லாவிட்டாலும் அவர்கள் படிப்பார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் பாஸ்போர்ட் களக்காட்டு வீட்டுக்கே வந்தது. கூரியர்க்காரர் கையெழுத்து வாங்கினபோது, படித்துவிட்டுத்தான் போட்டேன்.

போன பிறகு நடந்ததில் விசா சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். விமான நிலையத்தில் அதே காகிதங்களை மறுபடியும் கேட்பார்கள், எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. போனதும் பதிவு செய்து அட்டை வாங்க 300 யூரோ, இதை எந்த ஏஜென்ட்டும் சொல்வதில்லை. வருகைப் பதிவு 85 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, கடைசியில் ஒரு தேர்வு எழுதியே ஆக வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் பிரேசில்காரர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே விசா வாங்கத் தேவையில்லை, நேராக வந்து இறங்கிப் பதிவு செய்துகொள்கிறார்கள். அவர்கள் போடுகிற வீடியோக்களைப் பார்த்து "இவ்வளவு சுலபமா" என்று நினைக்கிற நம் பிள்ளைகள் அதைக் கவனிக்க வேண்டும். வேலை எனக்கு ஏழாவது வாரம்தான் கிடைத்தது, ஹோட்டலில் படுக்கை விரிக்கிற வேலை. மணிக்கு 13.50 யூரோ, 20 மணி நேரத்துக்கு வாரம் 270. நாலு பேர் தங்கின அறையில் என் பங்கு மாதம் 650. சாப்பாடு, பஸ் போக மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் கட்டணத்தை எடுப்பதெல்லாம் அந்த ஏசி அறைக்குள் மட்டும் நடக்கிற காரியம். படுக்கை விரிக்கப் போன இடத்தில் ஒரு கிழவி மேற்பார்வையாளர், டப்ளின் கொச்சையில் என்னைத் திட்டித் திட்டியே பேச வைத்தார். வகுப்பில் கற்றது பாதி, அவரிடம் கற்றது பாதி.

போன செப்டம்பரில் ஊருக்கு வந்தேன், ஓண வெட்டு முடிகிற நேரம். மாமா அதே திண்ணையில். "எங்க, ஒரு வார்த்தை பேசு பாப்போம்" என்றார். பேசினேன். வெத்தலையை மென்றபடி முழுசாகக் கேட்டுவிட்டு, "வேகமாத்தான் பேசுத. ஒண்ணும் புரியல" என்றார். அப்பா அப்போதுதான் மண்டியிலிருந்து வந்து சட்டைப் பையில் இருந்து ஒரு சீட்டை எடுத்தார். தேதி, எடை, விலை, மொத்தம், கீழே சீல். விசா எல்லாம் முடிந்துவிட்டதே, இன்னும் எதுக்குப்பா என்றேன். மேலே பரணில் இருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு வருஷத்துச் சீட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. "போன மாசம் மண்டியில ரெண்டு குலை எடையைக் குறைச்சுட்டான். சீட்டு இருந்துச்சு, காட்டுனேன்" என்றபடி புதுச் சீட்டை மேலே வைத்து மூடினார்.